மச்சாளின் போத்தலும் 4.8 என்ற எண்ணும்: தோல் பூச்சு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

கச்சான் காற்று சுழன்றடித்த ஒரு ஆனி மாதப் பகலில், பட்டிருப்புப் பாலம் கடந்து பழுகாமத்திலிருந்து என் மச்சாள் களுவாஞ்சிகுடிக்கு வந்தார். பையில் 6 போத்தல்கள். தேங்காய் எண்ணெயும் கற்றாழைச் சாறும் சேர்த்துத் தன் கையாலேயே செய்த தோல் பூச்சு. ஒன்றைத் திறந்து என் முன் வைத்தார். வெண்ணெய் போன்ற பூச்சின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். பூஞ்சணம்.

"பூச்சு கெடாமலிருக்க நீங்கள் சொன்ன அளவுக்குத்தானே பொட்டாசியம் சோபேற்று போட்டேன், மச்சாள்" என்றார். அளவு சரிதான். நான் சொல்லத் தவறியது வேறொன்று. என்னிடம் இருந்த மீற்றரை எடுத்து அளந்தேன். பிஎச் 7.3.

28 ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்தவள் நான். தாங்கற் கரைசலையும் அமிலப் பிரிகையையும் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பாடம் மச்சாளின் ஆறு போத்தல்களையும் காப்பாற்றியிருக்கும். வீட்டில் பூச்சு செய்கிற பெண்கள் இன்று மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஏராளம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பிஎச் என்ற அளவை 1909இல் சோரென்சன் என்ற டென்மார்க் விஞ்ஞானி, கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மனதில் பதிய வைக்க வேண்டியது ஒன்றுதான்: இது மடக்கை அளவு. ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். இரண்டு எண் இறங்கினால் 100 மடங்கு. ஆகவே 7.3க்கும் 4.8க்கும் இடையே இருப்பது இரண்டரை என்ற சிறிய வித்தியாசம் அல்ல. 300 மடங்குக்கும் மேல்.

நம் தோல் இயல்பிலேயே புளிப்பானது. ஷாடே, மார்கியோனினி என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1928இல் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பொருள்படும் பெயரை இட்டார்கள். வியர்வையில் உள்ள லற்றிக்கமிலம், தோலின் எண்ணெய்ப்பசை உடைந்து வரும் கொழுப்பமிலங்கள், மேற்தோலின் புரதம் சிதைந்து தோன்றும் அமிலங்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் போர்வையை நெய்கின்றன. முழங்கையின் உட்புறம், முன்கை போன்ற இடங்களில் பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, குளியலும் பூச்சுகளும் குறுக்கிடாத தோலின் இயல்பான சராசரி 4.7 அளவில் இருக்கும் என்று கணித்தது. வெறும் குழாய்நீர் பட்டாலே அது 6 மணி நேரம் வரை உயர்ந்து நிற்கக்கூடும் என்றும் அதே ஆய்வு சொன்னது. அக்குளிலும் கால்விரல் இடுக்கிலும் இயல்பாகவே சற்று உயர்வு. வெள்ளாமைக் காலத்தில் சேற்றில் நிற்பவர்களின் விரலிடுக்கில் பூஞ்சணம் முதலில் குடியேறுவதற்கு, ஈரத்தோடு இந்த உயர்வும் ஒரு காரணம்.

இந்தப் புளிப்பு தோலுக்கு எதற்கு? மேற்தோலைக் கிடுகு வேய்ந்த கூரையாக எண்ணிப் பாருங்கள். இறந்த கலங்கள் கிடுகுகள். இடையே நிரம்பியிருக்கும் கொழுப்புத்தான் நீரை உள்ளே தக்க வைக்கிறது. அந்தக் கொழுப்பில் முக்கியமானதாகிய செராமைட்டைத் தோலில் உருவாக்கும் நொதியங்கள் பிஎச் 5ஐ ஒட்டிய அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்கின்றன. பிஎச் நடுநிலைப் பக்கம் நகர்ந்தால் அவை தளர்ந்துவிடும். அதே வேளையில், கிடுகுகளைப் பிணைத்திருக்கும் கட்டுகளை அறுக்கும் வேறு நொதியங்கள் உசாராகிவிடும். கூரைக்குப் புதிய ஓலை வருவதற்கு முன்னரே பழைய கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும்? 81 வயதான என் அம்மாவின் கணைக்கால் ஒவ்வொரு கச்சான் பருவத்திலும் மீன் செதில்போல வெடிப்பதை நான் பார்க்கிறேன். வயது ஏற ஏறத் தோலின் பிஎச் உயர்கிறது. உலர்ந்த காற்று மீதியைச் செய்துவிடுகிறது.

இனி சவர்க்காரம். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: "ரீச்சர், எரிசோடா போட்டுச் செய்யும் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தில் தேசிக்காய்ச் சாறு விட்டால் 5.5க்கு இறக்கலாமா?" முடியாது. சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடிய உப்பு. அதன் இயல்பான பிஎச் 9க்கும் 10க்கும் இடையில். அமிலம் விட்டு இறக்க முயன்றால் அது சவர்க்காரமாகவே இருக்காது. கொழுப்பமிலமாகத் திரும்பப் பிரிந்து, நுரையற்ற பிசுபிசுப்பாக மேலே மிதக்கும். சிறிதளவே விட்டால், சாறு முழுவதும் எரிசோடாவோடு சேர்ந்து சிற்றேற்று என்ற உப்பாக மாறுவதைத் தவிர வேறொன்றும் நடவாது. எரிசோடாவில் செய்த கட்டியின் உறையில் யாராவது 5.5 என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். உண்மையிலேயே 5.5இல் இருக்கும் கட்டிகள் சவர்க்காரமே அல்ல. சோடியம் கொக்கோயில் ஐசெதியோனேற்று போன்ற வேறு கழுவிகளால் செய்யப்பட்டவை. அவையும் தேங்காயிலிருந்து வருபவைதான், ஆனால் வேறு இரசாயனம்.

அதற்காகச் சவர்க்காரத்தை வெறுக்க வேண்டியதில்லை. நல்ல தோலுள்ள இளவயதினர் நாளுக்கு ஒருமுறை குளித்தால் சில மணி நேரத்தில் தோல் தன் நிலைக்குத் திரும்பிவிடும். தோல் மீளுமுன்னரே மறுபடியும் மறுபடியும் கழுவுகிறவர்களுக்குத்தான் துன்பம். சமையலறையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்கள், சிறு குழந்தையைப் பார்க்கும் தாய்மார், முதியவர்கள். இவர்களுக்குக் கழுவிய பின் பூசும் ஒரு நல்ல அமிலப் பூச்சு பெரிய உதவி.

அமிலம் நல்லது என்றதும் தேசிக்காயைப் பாதியாக வெட்டி முகத்தில் தேய்க்கும் பழக்கத்தை இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தேசிக்காய்ச் சாறின் பிஎச் 2 முதல் 2.5 வரை, தோலின் புளிப்பைவிட நூறு மடங்குக்கும் மேல் கடுமை. அதைவிட மோசம், அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள பியூரோகூமரின் என்ற சேர்மங்கள். அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும், பிறகு கறுப்புத் தழும்பாகப் பல வாரங்கள் நிற்கும். என் மாணவி ஒருத்தி பாசிக்குடா சுற்றுலாவுக்குப் போன காலையில் முகம் வெளுக்கவென்று தேசிக்காய் தேய்த்திருந்தாள். மாலையில் கன்னத்தில் சாறு வழிந்த கோடு கோடாகவே சிவந்திருந்தது. மறுபக்கம் அப்பச்சோடா. அதன் கரைசல் 8.3 அளவில், தோலைத் தேய்த்துக் கழுவ அது பொருளே அல்ல. நம் சட்டித் தயிர் ஏறத்தாழ 4 முதல் 4.6 வரை. பத்து நிமிடம் பூசிக் கழுவினால் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. ஆனால் அதைப் பூச்சில் கலந்து போத்தலில் அடைக்கவே கூடாது.

அளப்பதற்கு வருவோம். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் சிவக்கும் என்பதும், மஞ்சள் கறை பட்ட சேலையில் சவர்க்காரம் போட்டால் சிவப்பாவதும் எல்லா வீட்டிலும் தெரிந்ததே. மஞ்சள் ஒரு காட்டி. ஆனால் ஏறத்தாழ 7.4க்கு மேல்தான் நிறம் மாறத் தொடங்கும். ஆகவே ஒரு பொருள் காரமா என்று கண்டுபிடிக்க மஞ்சள் துணி போதும். 5க்கும் 7க்கும் வேறுபாடு காட்டாது. நீலக் காக்கணம்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் வரும் நீலச்சாறு அமிலத்தில் ஊதாவாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையானது. பூச்சு செய்ய அதை நம்பி இறங்க வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது ஒரு பிஎச் மீற்றர், அல்லது குறைந்தது 4 முதல் 7 வரையான குறுகிய வீச்சுள்ள பிஎச் தாள். 1 முதல் 14 வரை காட்டும் தாள் இந்த வேலைக்கு உதவாது. மீற்றர் வாங்கினால் அளக்கும் நாளிலெல்லாம் அதோடு வரும், பிஎச் நகராமல் நிற்கும் தாங்கற் கரைசல்களில், 4.00 ஒன்றிலும் 6.86 அல்லது 7.00 ஒன்றிலும், சரிபார்க்க வேண்டும். முனையை உலர விடக்கூடாது. காய்ச்சி வடித்த நீரிலும் ஊறவைத்துவிடக் கூடாது. பொட்டாசியம் குளோரைட்டுச் சேமிப்புக் கரைசலில்தான் வைக்க வேண்டும். கெட்டியான பூச்சுக்குள் முனையை நேரடியாகக் குத்தினால் வாசிப்பு தடுமாறும். ஒரு கிராம் பூச்சை 9 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகு அளந்து பாருங்கள். கிணற்று நீரில் கலக்கினால் நீங்கள் கிணற்றையும் சேர்த்தே அளக்கிறீர்கள்.

மச்சாளின் போத்தலில் என்ன நடந்தது என்று இப்போது சொல்லலாம். சோபேற்றும் பென்சோவேற்றும் நற்காப்புப் பொருட்கள், அதாவது பூச்சைக் கெடாமல் காப்பவை. உப்பாக இருக்கும்போது அவை நுண்ணுயிரைக் கொல்வதில்லை. அவற்றின் பிரியாத அமில வடிவம்தான் நுண்ணுயிரின் மென்சவ்வைக் கடந்து உள்ளே போகும். எவ்வளவு பங்கு பிரியாமல் இருக்கிறது என்பதைப் பிஎச் தீர்மானிக்கிறது. ஓர் அமிலத்தில் பாதி பிரிந்தும் பாதி பிரியாமலும் நிற்கும் பிஎச்சை அதன் பிகேஏ என்போம். சோபிக்கமிலத்தின் பிகேஏ 4.76. ஆகவே பிஎச் 4.8இல் ஏறத்தாழப் பாதி வேலை செய்யும், 5.5இல் 15 சதவீதம், 6இல் 5 சதவீதம், மச்சாளின் 7.3இல் ஆயிரத்துக்கு 3 பங்கு மட்டுமே. அவர் போட்டதெல்லாம் போத்தலுக்குள்ளேயே இருந்தது, ஆனால் உறங்கிக்கொண்டிருந்தது. பென்சோயிக்கமிலத்தின் பிகேஏ இன்னும் கீழே, 4.2. அது 4.8இல் 20 சதவீதமும் 6இல் ஒன்றரைச் சதவீதமும்தான் விழித்திருக்கும். அது போதாதென்று, கற்றாழைச் சாறு நுண்ணுயிருக்கு விருந்து. எங்கள் வெக்கையில் இரண்டு வாரம் போதும்.

எனவே நான் 4.8ஐ இலக்காக வைக்கிறேன். தோலுக்கும் அது சொந்த வீடு, நற்காப்புப் பொருளுக்கும் அது விழிப்பு நிலை. ஒரே எண் இரண்டு வேலையையும் செய்வதில் எனக்கு இன்னமும் வியப்புத் தீரவில்லை.

200 கிராம் பூச்சுக்கு நான் எடுக்கும் அளவுகள் இவை. எல்லாவற்றையும் நிறுத்தே எடுங்கள்; 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், கரண்டிக் கணக்கு உதவாது. நீர்ப்பகுதிக்குக் காய்ச்சி வடித்த நீர் 143 கிராம், கிளிசரின் 10 கிராம், சோடியம் சிற்றேற்று 1 கிராம், சோடியம் பென்சோவேற்று 0.8 கிராம், பொட்டாசியம் சோபேற்று 0.4 கிராம். எண்ணெய்ப்பகுதிக்குத் தேங்காய் எண்ணெய் 14 கிராம், நல்லெண்ணெய் 10 கிராம், செட்டோமாக்ரகோல் மெழுகு 14 கிராம். கடைசியில் சேர்க்கப் பினொக்சியெதனோல் 1.6 கிராம். அத்துடன் 20 கிராம் சித்திரிக்கமிலத்தை 80 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு சிறு போத்தலில் தனியே வைத்துக்கொள்ளுங்கள். சித்திரிக்கமிலமும் பென்சோவேற்றும் கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மீதியை நான் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து தருவிக்கிறேன்.

எண்ணெயையும் நீரையும் இணைத்து வைக்கும் மெழுகைப் பற்றி ஒரு சொல். பாமசியில் 'எமல்சிபையிங் வாக்ஸ்' என்று மட்டும் கேட்டால் சோடியம் லோரைல் சல்பேற்றுக் கலந்த பழைய வகை கைக்கு வரக்கூடும். அதே சல்பேற்று உள்ள, அக்குவஸ் கிறீம் என்ற தோல் பூச்சைப் பூசிக் கழுவாமல் விட்டால், சிலருக்கு, அதிலும் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு, தோல் எரிவு வரலாம் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனம் 2013இல் எச்சரித்தது. தோலைக் காக்கவென்று செய்யும் பூச்சில் தோலை அரிக்கும் பொருளை ஏன் சேர்க்க வேண்டும்? செட்டோமாக்ரகோல் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

பாத்திரங்களையும் போத்தல்களையும் கழுவி உலர்த்தி 70 சதவீத அல்ககோலால் துடையுங்கள். நீர்ப்பகுதியையும் எண்ணெய்ப்பகுதியையும் தனித்தனிப் பாத்திரங்களில், கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து, 75 பாகைக்குச் சூடாக்குங்கள். நீர்ப்பகுதியை அந்தச் சூட்டில் 20 நிமிடம் வைத்திருந்து, ஆவியாகிப் போன நீரை நிறுத்துப் பார்த்து ஈடுசெய்யுங்கள். பிறகு எண்ணெயை நீருக்குள் மெல்லிய தாரையாக ஊற்றியபடி கலக்க வேண்டும். கைக் கலக்கி இருந்தால் 3 நிமிடம் போதும். அதன்பின் கரண்டியால், பாத்திரம் ஆறும்வரை. இடையில் விட்டுப் போனால் மெழுகு மணல்மணலாக உறையும். 40 பாகைக்குக் கீழே இறங்கியதும் பினொக்சியெதனோலைச் சேருங்கள். அது பிஎச்சைப் பெரிதாகப் பொருட்படுத்தாத நற்காப்புப் பொருள். மற்ற இரண்டும் பலவீனமான இடத்தில், அதாவது பற்றீரியாவிடம், இது காவல் நிற்கும். மொத்தத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இங்கே 0.8தான்.

இனி அமிலம். இதில் பொறுமை வேண்டும். சித்திரிக்கமிலக் கரைசலை ஒரு மில்லிலீற்றராக விட்டு, நன்றாகக் கலக்கி, அளந்து, மறுபடியும் விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் விழுந்த இடத்தில் பிஎச் தாழ்ந்து, பென்சோயிக்கமிலம் வெண்ணிறப் பளிங்காகப் படியும். பூச்சில் சீனி கடிபடுவதுபோல விரலில் உறுத்தும். எனக்கு ஏறத்தாழ 5 மில்லிலீற்றர் பிடிக்கிறது. உங்களுக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும்; மீற்றர் சொல்வதே கணக்கு. 5.2ஐ நெருங்கியதும் துளித்துளியாக.

லற்றிக்கமிலம்தானே தோலின் சொந்த அமிலம், அதை ஏன் விடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அதன் பிகேஏ 3.86. தாங்கற் கரைசல் தன் பிகேஏக்கு அருகில்தான் உறுதியாக நிற்கும். சித்திரிக்கமிலத்துக்கு மூன்று பிகேஏ உண்டு. நடுவில் உள்ளது 4.76. நம் இலக்கான 4.8 அதன் மடியில் விழுகிறது. பூச்சு பழசாகும்போது பிஎச் நகராமல் பிடித்து வைப்பது அதுதான். யூரியா சேர்க்க விரும்புவோருக்கும் இதையே சொல்வேன்: யூரியா நாளடைவில் சிதைந்து அமோனியா தரும், பிஎச் ஏறும். தொடக்க நிலையில் உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

விற்றமின் சி, விற்றமின் பி3 வகையான நியாசினமைட்டு இரண்டையும் இதே போத்தலில் போடக் கேட்கிறார்கள். விற்றமின் சியின் தூய வடிவமான அஸ்கோபிக்கமிலம் தோலுக்குள் இறங்கப் பிஎச் 3.5க்குக் கீழ் வேண்டும். நியாசினமைட்டு 6ஐ ஒட்டிய இடத்தில் மகிழ்ச்சியாக இருக்கும். கடும் அமிலத்தில் நீண்டநாள் இருந்தால் நிக்கோட்டினிக்கமிலமாக மாறி முகத்தைச் சிவக்க வைக்கலாம். இரண்டும் எங்கள் 4.8இல் வந்து குடியிருக்காது. முகத்தின் மேற்தோலை உரிக்கும் பழ அமிலங்களான கிளைக்கோலிக்கமிலம் போன்றவற்றையும் வீட்டில் கலக்க வேண்டாம். அமெரிக்க நிபுணர் குழுவொன்று அவற்றுக்குப் பொதுப் பாவனையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பிஎச் 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது என்று வரம்பு வைத்தது, வெயிலில் இருந்து காப்பும் வேண்டும் என்றது. எங்கள் ஊர் வெயிலில் அந்தக் காப்பை நாள் முழுவதும் பேணுவது கடினம்.

முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபா நாணயம் அளவு பூசி இரண்டு நாள் பாருங்கள். எரிந்தால் கழுவிவிடுங்கள். புண், வெடித்து இரத்தம் கசியும் இடம், கைக்குழந்தையின் தோல் இவற்றில் பூச வேண்டாம். பிறந்த குழந்தையின் தோல் நடுநிலைக்கு அருகில் தொடங்கி வாரங்கள் செல்லத்தான் புளிப்படையும். அந்த வேலையை அது தானே செய்து முடிக்கட்டும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கும் இது மருந்தல்ல, வைத்தியரிடம் போங்கள்.

வாய் அகன்ற டப்பாவில் அடைத்து விரலால் அள்ளினால் எந்த நற்காப்புப் பொருளும் நெடுநாள் தாங்காது. அழுத்தி எடுக்கும் பம்ப் போத்தலே சிறந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் சாட்சியாக வையுங்கள். வெளியே இருப்பதன் நிறமோ மணமோ அதிலிருந்து விலகினால், நீர் பிரிந்தால், அல்லது பிஎச் 5.3ஐத் தாண்டினால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஒன்றும் ஆகாவிட்டாலும் 3 மாதத்துக்கு மேல் நான் வைத்திருப்பதில்லை.

மச்சாள் கற்றாழையை விட்டுவிட்டார். மறுமுறை 4.8இல் செய்த பூச்சு ஆவணி முடியும்வரை கெடவில்லை. அம்மாவின் கணைக்காலுக்கும் அதையே காலையும் இரவும் பூசுகிறேன். செதில் உதிர்வது குறைந்திருக்கிறது. மச்சாள் இப்போது ஒவ்வொரு போத்தலின் அடியிலும் அழியாத மையால் செய்த திகதியையும் பிஎச்சையும் எழுதுகிறார். பக்கத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார், ஒரு மாதம் கழித்து மறுபடியும் அளந்து நிரப்புவதற்கு.